அப்பாவின் மூக்கா, ஆசைப்பட்ட மூக்கா?

பாம்பன் பக்கத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த ஆறு பக்கக் கடிதம் இது. எழுதியவருக்கு வயது 27. பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அம்மா தீவுகளுக்குப் போய்ப் பாசி எடுப்பவர். அப்பா மீனவர், ஆறு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். வாசகி பி.காம். முடித்து, நண்டு பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அப்பாவுக்கு இருந்தது போலவே இவருக்கும் மூக்குத் தண்டில் ஒரு மேடு, சற்று அகன்ற நுனி. பள்ளியில் அதற்காகவே ஒரு பட்டப்பெயர். புகைப்படம் பார்த்த இரண்டு மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஒன்றரை லட்சம் ரூபாய் திரட்டி, கடந்த ஜனவரியில் வெளியூர் மருத்துவமனை ஒன்றில் மூக்கைத் திருத்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. தண்டு நேராகிவிட்டது. ஆனால் நுனி உருண்டையாக, மரத்துப்போனது போல் இருக்கிறது. நுனிக்குச் சற்று மேலே ஒரு புடைப்பு. காலையில் பெரிதாகவும் மாலையில் கொஞ்சம் சிறிதாகவும் தெரிகிறது. இடது பக்கம் அடைப்பு. இரவில் தூக்கம் வராததால் மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்தை நான்கு மாதமாக விட்டுக்கொள்கிறார். அறுவை செய்த மருத்துவர், "இன்னும் வீக்கம் இருக்கிறது, ஒரு வருடம் ஆகட்டும்" என்கிறார். தட்டிக் கழிக்கிறார் என்று வாசகி நினைக்கிறார். வேறொரு கிளினிக்கில் மறு அறுவைக்கு அடுத்த மாதமே வரச் சொல்லிக் கட்டணத்தில் தள்ளுபடியும் தருகிறார்களாம். தை மாதம் ஒரு வரன் பார்க்க வருகிறது. மறு அறுவைக்காக அக்காவின் வளையல்களை அடகு வைக்கலாமா, முதல் மருத்துவர்மீது வழக்குப் போடலாமா, இப்படியொரு ஆசைப்பட்டதே பாவமா என்று கேட்கிறார். அப்பத்தா அவரைப் பார்த்து, "உன் அப்பன் மூக்கை எங்கேடி தொலைத்தாய்?" என்று கேட்ட நாளிலிருந்து அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. நாளைக்கு முப்பது நாற்பது முறை தன்னைப் படமெடுத்துப் பார்த்து அழித்துவிடுகிறார். "சில இரவுகளில் விடியாமலே போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது" என்பது கடைசிப் பக்கத்தில் உள்ள ஒரு வரி.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசிப் பக்கத்து வரியிலிருந்தே தொடங்குகிறேன். மூக்கைப் பற்றி நான் சொல்லப்போகும் எதுவும் அதைவிட அவசரமில்லை. அப்படித் தோன்றும் இரவில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் திட்டமாக உருவெடுக்குமானால் தனியாக இருக்காதீர்கள். அம்மாவை எழுப்புங்கள், விடியும்வரை காத்திராமல் அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு கடிதத்தின் ஓரத்தில், நாலோடு ஐந்தாக எழுதிவிட்டுப் போகிற வரி அல்ல அது.

இனி மூக்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். இரண்டாம் பக்கத்தில், "நுனி இன்னும் கூர்மையாக, இன்னும் மெல்லியதாக வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் பக்கத்தில், "எனக்கு என் பழைய மூக்கே போதும், அப்பாவின் மூக்கைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் எழுதியது ஒரே கைதான். எழுதும்போது இந்த முரண் உங்களுக்குத் தெரிந்ததோ இல்லையோ, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. கூர்மையான மூக்கை நோக்கிப் போகும் அறுவை வேறு, மேட்டை மறுபடி கட்டும் அறுவை வேறு. ஒன்று கிழக்கே என்றால் மற்றது மேற்கே. இரண்டையும் ஒரே நேரத்தில் விரும்புகிறவரின் மூக்கில் நான் கத்தி வைக்க மாட்டேன். அடுத்த மாதமே செய்து தருகிறேன் என்கிற அந்தக் கிளினிக்கில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டார்களா?

ஏழாவது மாதத்து மூக்கு

உங்கள் மருத்துவர் தட்டிக் கழிக்கிறார் என்பது உங்கள் ஊகம். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வருடம் பொறுக்கச் சொன்னது சரியான ஆலோசனை; நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மூக்கு அறுவைக்குப் பிறகு கண்ணைச் சுற்றிய நீலம் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். பெரும்பாலான வீக்கம் மூன்று மாதத்துக்குள் வடிந்துவிடும். மிச்சமிருப்பது பிடிவாதக்கார வீக்கம். அது நுனியிலும் நுனிக்குச் சற்று மேலேயும் தங்கிக்கொண்டு பன்னிரண்டு மாதம் வரையும், தோல் தடித்தவர்களுக்குப் பதினெட்டு மாதம், சிலருக்கு அதற்கு மேலும்கூட வடிந்துகொண்டே இருக்கும். நம்மில் பலருக்கு மூக்கு நுனித்தோல் தடிமன்தான். அடியிலிருக்கும் குருத்தெலும்பை எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கியிருந்தாலும், தடித்த தோல் அதன்மேல் படிந்து வடிவத்தைக் காட்ட நாளாகும்.

நீங்களே சாட்சியும் எழுதியிருக்கிறீர்கள்: காலையில் பெரிது, மாலையில் சிறிது. குருத்தெலும்பு காலையில் வளர்ந்து மாலையில் சுருங்காது. இரவெல்லாம் படுத்திருந்ததில் முகத்தில் தேங்கிய நீர், எழுந்து நடமாடியதும் இறங்குகிறது. ஆகவே வீக்கத்தில் ஒரு பங்கு இன்னும் இருக்கிறது. நுனி மரத்துப்போயிருப்பதும் பெரும்பாலும் மெல்லத் தெளியும்.

நுனிக்கு மேலிருக்கும் புடைப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். எங்கள் தொழிலில் இதற்குக் கிளிமூக்கு என்றே பெயர். இது மூன்று காரணங்களால் வரும். ஒன்று வீக்கம், இரண்டு, தோலுக்கடியில் தடித்துப்போன தழும்புத் திசு, மூன்று, அந்த இடத்தில் அதிகமாக விடப்பட்ட குருத்தெலும்பு அல்லது தாங்கல் போய்த் தொய்ந்த நுனி. முதலாவதுக்குக் காலமே மருந்து. இரண்டாவதுக்கு மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு ஊசியை, சில வார இடைவெளி விட்டு, அனுபவமுள்ள மருத்துவர் போடலாம். அளவு கூடினால் தோல் மெலிந்து குழி விழும். மூன்றாவதுக்கு மட்டுமே மறு அறுவை. எது என்பதை விரலால் அழுத்திப் பார்க்கும் மருத்துவர் சொல்ல முடியும், கடிதம் படிக்கும் நான் சொல்ல முடியாது. உங்கள் முதல் மருத்துவரிடமே இந்த மூன்றில் எது என்று நேராகக் கேளுங்கள். "வீக்கம்" என்ற ஒரே சொல்லோடு அவர் நிறுத்திக்கொண்டால், உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் நியாயமாகவே படும்.

செல்போன் படங்களைப் பற்றி ஒரு சேதி. முகத்திலிருந்து ஓர் அடி தூரத்தில் எடுக்கும் படத்தில், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். கேமராவுக்கு மிக அருகில் நீட்டிக்கொண்டு நிற்பது மூக்குதானே. நாளைக்கு நாற்பது முறை நீங்கள் பார்ப்பது அந்த ஊதிய மூக்கை. மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், வேறொருவரை ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லி நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். அந்தப் படங்களுக்கு மருத்துவரிடமும் மதிப்பு உண்டு. மற்றவற்றை எடுக்காமல் இருப்பது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். நாற்பதை இருபதாக்குவதில் தொடங்குங்கள்.

அப்பத்தாவோ அம்மாவோ எண்ணெய் தடவி நீவிவிட வந்தால் மறுத்துவிடுங்கள். பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கைப் பிடித்துவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதனால் எந்தக் குழந்தைக்கும் மூக்கு நீண்டதாக நான் பார்த்ததில்லை. அறுவை நடந்த மூக்கைத் தொட அந்தக் கைகளுக்கு அனுமதி இல்லை.

அடைப்பு வேறு, அழகு வேறு

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது புடைப்பு அல்ல, சொட்டு மருந்து. அடைப்பை உடனே திறந்துவிடும் அந்த வகை மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து விடக்கூடாது. விட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கின் உட்சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி மருந்து, மறுபடி வீக்கம். நான்கு மாதமாக விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் அடைப்பில் எவ்வளவு அறுவையால் வந்தது, எவ்வளவு சொட்டு மருந்தால் வந்தது என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் மருத்துவர்மேல் போடும் குற்றச்சாட்டில் ஒரு பங்கு அந்தச் சிறிய பிளாஸ்டிக் குப்பியையும் சேரக்கூடும்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சொல்லி அதை நிறுத்துங்கள். முதலில் ஒரு பக்கத்துக்கு மட்டும் நிறுத்திப் பார்ப்பது ஒரு வழி. அந்த இடைவெளியைத் தாண்ட வேறு வகை ஸ்பிரே ஒன்றை அவர் தரக்கூடும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் உதவும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில், மருந்துக்கடைப் பொட்டலத்தைக் கலந்து. கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே என்று கடல் நீரை எடுக்க வேண்டாம், கிணற்று நீரை நேராக விடவும் வேண்டாம். சிரிக்காதீர்கள், இரண்டையும் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

இதற்கு மேல் உங்கள் மாவட்டம் முழுக்க நிற்கும் சீமைக்கருவேலம் இருக்கிறது. அதன் மகரந்தம் பலருக்கு மூக்கொழுகலும் அடைப்பும் தரும். வீட்டில் முண்டு மிளகாய் காய வைத்திருந்தால் அந்த நெடியும் சேரும். அறுவைக்கு முன்பே பருவத்துக்குப் பருவம் தும்மல் இருந்ததா என்று யோசித்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு சிறிய சோதனையை வீட்டிலேயே செய்யலாம். இடது மூக்குக்குப் பக்கத்துக் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து, கன்னத்தைக் காது பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டு மூச்சை உள்ளிழுங்கள். சட்டென்று வழி திறந்தது போல் இருந்தால், மூக்கின் பக்கச்சுவர் பலவீனமாகி உள்ளே ஒட்டுகிறது என்று சந்தேகிக்கலாம். இது முடிவான சோதனை அல்ல, அடைப்பு எங்கே என்பதற்கு ஒரு துப்பு. மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டாலோ, பொருக்கும் இரத்தமும் அடிக்கடி வந்தாலோ நடுச்சுவரில் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், மூக்கின் உள்ளே கருவி விட்டுப் பார்க்கும்படி கேளுங்கள். இதற்கு வளையல் அடகு தேவையில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், மூச்சடைப்பு மருத்துவக் காரணம். அது உறுதியானால் மறு அறுவையின் தராசு வேறு பக்கம் சாயும். அழகுக்கான அறுவைக்குப் பணம் தராத காப்பீட்டு நிறுவனங்கள் சுவாசத் தடைக்கான அறுவைக்குத் தர வாய்ப்பும் உண்டு. வடிவத்தில் அதிருப்தி, மூச்சில் தடை இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

இரண்டாவது கத்தி

"சின்னத் திருத்தம்தான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று அந்தக் கிளினிக்கில் சொன்னார்கள் என எழுதியிருக்கிறீர்கள். சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். நுனியில் துருத்தும் ஒரு துணுக்கை எடுப்பது சிறிய வேலை. ஆனால் பொதுவாக இரண்டாவது மூக்கு அறுவை முதலாவதைவிடக் கடினம். முதல் முறை தோலுக்கும் எலும்புக்கும் இடையே இயற்கையான அடுக்குகள் இருந்தன, அவற்றின் வழியே பிரித்துக்கொண்டு போகலாம். இப்போது அந்த இடமெல்லாம் தழும்பு. இரத்த ஓட்டம் முன்போல் இல்லை. வடிவம் கொடுக்கத் தேவைப்படும் குருத்தெலும்பை முதல் முறை நடுச்சுவரிலிருந்து எடுத்திருந்தால், இம்முறை காதுமடலிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுக்க வேண்டி வரும். விலா என்றால் மார்பில் ஒரு தழும்பு, சில நாள் வலி, எடுத்த துண்டு பின்னாளில் வளைந்துவிடும் வாய்ப்பு, அரிதாக நுரையீரல் உறையில் காயம். கட்டணமும் கூடும். ஏழாவது மாதத்தில், தழும்பு இன்னும் இளகாத நிலையில் செய்தால் மருத்துவர் வீக்கத்தையும் வடிவத்தையும் பிரித்துப் பார்க்க முடியாமல் தவறான இடத்தில் வெட்டக்கூடும். பிறகு மூன்றாவது அறுவையைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதுவீர்கள்.

பல மருத்துவ வெளியீடுகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேர் மறு அறுவைக்கு வருவதாகக் கணக்கு. எனவே உங்களுக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அல்ல இது, கைதேர்ந்த மருத்துவர்களிடமும் நடக்கிறது. உரிய காலத்தில், உரிய காரணத்துக்காகச் செய்துகொண்ட பலர் நிம்மதியாகவும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரும் ஜனவரிக்கு முன் வேண்டாம் என்கிறேன். அதன் பிறகும், எது மாற வேண்டும் என்று உங்களால் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் மட்டும்.

இனி அந்த ஐந்தாம் பக்கம். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மூக்கு திரும்ப வராது. செதுக்கி எடுத்த மேட்டின்மேல் குருத்தெலும்பை அடுக்கி மறுபடி ஒரு மேடு கட்டலாம்; பக்கவாட்டில் பார்த்தால் பழையதைப் போலத் தெரியவும் கூடும். ஆனால் அது ஓர் அறுவை மருத்துவர் செய்த மேடு, உங்கள் அப்பா தந்தது அல்ல. கண்ணாடியில் அந்த வித்தியாசம் வேறு யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அப்பத்தாவின் கேள்வி உங்களைச் சுட்டதற்குக் காரணம் மூக்கு அசிங்கமாக இருப்பது அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா போன பிறகு அவர் முகத்தின் ஒரு துண்டு உங்களிடம் இருந்தது. அதை விலை கொடுத்து எடுக்கச் சொன்னோமே என்பதுதான் உங்களைச் சுடுகிறது. அறுவைக்கு முன் யாரும் உங்களிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் கோணம் அளப்போம், படம் எடுப்போம், இரத்தம் சோதிப்போம், "இந்த மூக்கு வீட்டில் யாருடையது?" என்று கேட்பதில்லை. உங்கள் கடிதத்துக்குப் பிறகு நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன்.

அப்பத்தாவும் தன் மகனைத்தான் தேடியிருக்கிறார். அவருக்கும் அது இழப்பு. போய்ப் பாருங்கள். என்ன பேசுவது என்று நான் எழுதித் தர முடியாது.

ஆசைப்பட்டதே பாவமா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு பழைய கதை உண்டு. திப்பு சுல்தானோடு நடந்த 1792 போரில், ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் மூக்கு அறுக்கப்பட்டது. நெற்றித் தோலை இறக்கி அவருக்கு நம் நாட்டு வைத்தியர் ஒருவர் புது மூக்கு செய்து தந்ததை, படத்தோடு லண்டன் இதழ் ஒன்று 1794-இல் வெளியிட்டது. அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1814-இல் லண்டனில் அதே முறையைச் செய்து பார்த்தார். பண்டைய அறுவை மருத்துவர் சுசுருதர் காலத்திலிருந்து நம் மண்ணில் மூக்கைச் சரிசெய்யக் கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கத்தான் அவர்களும் கேட்டார்கள். உங்கள் ஆசை அவர்களுடையதைவிட மட்டமானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராமநாதபுரத்து அழகு நிலையம் ஒன்றில், "கத்தியே வேண்டாம், ஊசியால் நிரப்பி நேராக்கித் தருகிறோம்" என்றார்களாம். ஓடி வந்துவிடுங்கள். மூக்கில் போடும் நிரப்பூசி இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகும், அரிதாகப் பார்வையே போகும். அறுவை நடந்து இரத்த ஓட்டம் மாறிய மூக்கில் அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

மனநல மருத்துவரிடம் போகச் சொன்னால் கோபிக்காதீர்கள்

அந்தப் பேச்சை எடுத்தாலே உங்கள் பக்கத்தில் "ஏர்வாடிக்கா?" என்று கேலி செய்வார்கள், தெரியும். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓர் உறுப்பின் குறையைப் பற்றியே நினைப்பது, திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, விசேஷங்களுக்குப் போகாமல் ஒதுங்குவது எல்லாம் சேர்ந்து வந்தால், தோற்றத்தைப் பற்றிய கவலை ஒரு நோயாகவே முற்றியிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் கடமை. உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று சொல்லவில்லை. அறுவைக்குப் பின் வரும் ஏமாற்றமும், அப்பாவை நினைத்த துயரமும், நான்கு மாதத் தூக்கக் கேடும் சேர்ந்தாலே மனம் இப்படி ஆகலாம். ஆனால் அந்த நோயாகவே இருந்தால் மறு அறுவை அதைத் தீர்ப்பது அரிது. கவலை மூக்கின் வேறொரு மூலைக்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். பேச்சு வழிச் சிகிச்சையும் மாத்திரைகளும் அதற்கு நன்றாகக் கேட்கும். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. மறு அறுவைக்கு முன் மனநலக் கருத்து கேட்கும் மருத்துவர் உங்களை அவமதிக்கவில்லை, கவனமாக வேலை செய்கிறார்.

கையெழுத்தும் உரிமையும்

"ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி எனக்கு உரிமை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. ஆபத்துகளைச் சொன்னார்கள், ஒப்புக்கொண்டீர்கள் என்பதற்கு மட்டுமே அந்தக் கையெழுத்து சாட்சி. கவனக்குறைவாக வேலை செய்ய அது யாருக்கும் அனுமதி தராது. புரியும் மொழியில் விளக்காமல் வாங்கிய கையெழுத்தையும் நீங்கள் கேள்வி கேட்கலாம்.

அடுத்த பக்கத்தையும் சொல்ல வேண்டும். எதிர்பார்த்தபடி வரவில்லை என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. அந்தத் துறையில் நியாயமான திறமையுள்ள மருத்துவர் செய்யக்கூடாததைச் செய்தார், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். அதற்குப் பெரும்பாலும் இன்னொரு மருத்துவரின் கருத்து தேவைப்படும். கணினியில் காட்டிய "பின்னால் இப்படி இருக்கும்" படம் பொதுவாக உத்தரவாதம் ஆகாது. ஆனால் எழுத்தில் உறுதி தந்திருந்தால் விஷயம் வேறு. வாட்ஸ்அப் செய்திகளையும் விளம்பரத்தையும் ரசீதுகளையும் அழிக்காதீர்கள். போலீசில் புகார் கொடு என்கிற உங்கள் அத்தை மகனிடம், மருத்துவர்மேல் குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் வரையறுத்திருப்பதைச் சொல்லுங்கள்.

முதல் வேலை, உங்கள் மருத்துவ ஆவணங்களை எழுத்துமூலம் கேட்டு வாங்குவது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. அறுவைக் குறிப்பு உங்களுக்கு இரண்டு விதத்தில் வேண்டும்: வழக்கு என்றாலும் தேவை, வழக்கே வேண்டாம் என்றாலும் அடுத்த மருத்துவருக்கு, எந்தக் குருத்தெலும்பை எடுத்தார்கள், எங்கே தைத்தார்கள் என்று தெரிய அதுதான் வரைபடம்.

பணம் கொடுத்துப் பெற்ற மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இலிருந்தே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2019 சட்டப்படி, மருத்துவமனை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு. அறுவை நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. ஆக, ஜனவரி வரை மூக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதால் உங்கள் உரிமை கரையாது. நான் வழக்கறிஞர் அல்ல. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

தள்ளுபடிக் கிளினிக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. அறுவை செய்யப்போகிறவரின் பெயரைக் கேளுங்கள். பேசுகிறவர் ஒருவர், வெட்டுகிறவர் இன்னொருவர் என்பது நடக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி., இல்லையேல் காது மூக்கு தொண்டையில் எம்.எஸ். படித்து மூக்கு அறுவையில் பயிற்சி பெற்றவரா, மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, மறு அறுவைகள் எத்தனை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் பதில் கிடைத்துவிட்டது.

தை மாதத்து வரனுக்காக மூக்கைத் தயார் செய்ய வேண்டாம். அறுவை நடந்ததை முன்பே சொல்லிவிடுங்கள். எப்படியும் ஊரில் யாராவது சொல்லத்தான் போகிறார்கள், நீங்கள் சொன்னால் உங்கள் வார்த்தையில் இருக்கும். அக்காவின் வளையல் அக்கா கையிலேயே இருக்கட்டும். அதற்கு முன் மீட்க வேண்டியது அம்மாவின் சங்கிலி.

கடைசியில் இரண்டு சின்னக் கேள்விகள் கேட்டிருந்தீர்கள். அம்மாவோடு தீவுக்குப் போனால் கண்ணாடி மாட்டி முங்கலாமா? ஏழு மாதத்தில் எலும்பு கூடியிருக்கும். இறுகப் பிடிக்காத கண்ணாடியாக இருந்தால் பொதுவாகத் தடையில்லை, ஆனால் அடைப்பு இருக்கும்போது முங்கினால் காது வலிக்கும். முதலில் அடைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி மூக்குத்தி குத்தலாமா? மறு அறுவை வேண்டுமா இல்லையா என்று முடிவாகும்வரை குத்த வேண்டாம். பிறகு குத்தும்போதும், மூக்குச் சிறகின் ஓரத்தில் குருத்தெலும்பு வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று அறுவைக் குறிப்பைப் பார்த்து, அந்த இடத்தை விட்டுத் தள்ளி, மருத்துவர் கையாலேயே குத்திக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் என்பதை அம்மாவும் அப்பத்தாவும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.